மூன்றாவது வேண்டாம்

1

வேலை போன பன்னிரண்டாம் நாள், காகிதக் கோப்பு ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதற்காக நகரத்துக்கு ரயிலேறினேன்.

மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகரில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ஆறாண்டுகள் தட்டு அடுக்கியவன் நான். தமிழில் முதுகலை படித்தவன், மழை தூறினாலும் கூட்டம் கலையாமல் பேசியவன், தட்டு அடுக்குவதா என்று தாம்பரத்தில் என்னை அறிந்தவர்கள் முகம் சுளிக்கலாம். தட்டுகளுக்கு என் பட்டம் தெரியாது. சென்ற ஆண்டு வலது மணிக்கட்டில் நரம்பு வீங்கி விரல்கள் மரத்துப்போயின. அதற்காக இழப்பீட்டு அலுவலகம் ஒரு தொகை அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு தொழிற்சாலை எங்கள் பிரிவையே மூடியது. எங்களை வரிசையில் நிற்கவைத்துக் கைகுலுக்கி அனுப்பினார்கள். என்னிடம் மட்டும் மேலாளர் இடக்கையை நீட்டினார். என் வலக்கையில் கட்டு இருந்தது.

வேலை போயிற்று, ஆகவே இழப்பீடும் போயிற்று. இதில் எனக்கு ஐயமே எழவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் என் குடும்பம் கற்றுக்கொண்ட பாடம் அது. அவர்கள் கடிதம் போட்டு நிறுத்துவதற்குள் நானே போய் முடித்துவிட வேண்டும் என்று, தேய்த்த சட்டை அணிந்து, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். மானம் என்பதை நான் அப்படித்தான் பழகியிருந்தேன்: பிறர் கதவை மூடுவதற்கு முன் நானே சாத்திவிடுவது.

மேசைக்கு அப்பால் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. நம்மூர் அலுவலக ஆங்கிலத்தில், தொழிற்சாலை என்னை ‘ரிலீவ்’ செய்துவிட்டது என்றேன். “அப்படியா, மனசு லேசாக இருக்கிறதா?” என்று கனிவோடு கேட்டார். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு நிம்மதி என்றுதான் பொருள். ஏழாண்டுகளாகியும் நான் இப்படித்தான் தடுக்கி விழுகிறேன். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று சுற்றிவளைத்து விளக்கினேன்.

“அது எங்களுக்குத் தெரியும். மணிக்கட்டு சரியாகிவிட்டதா?”

“இல்லை.”

“பிறகு ஏன் இதைக் கொண்டுவந்தீர்கள்?”

“எனக்குத்தான் இப்போது வேலை இல்லையே.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “காயம் பட்ட அன்று வேலை இருந்ததா?”

“இருந்தது.”

“நான் கேட்க வேண்டியது அவ்வளவுதான். வேலையை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம், காயம் உங்களிடம்தானே இருக்கிறது? நீங்களாகவே எதையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடவில்லையே?”

“எழுதவில்லை” என்றேன்.

‘இந்த முறை எழுதவில்லை’ என்பதே முழு உண்மை. அந்த இரண்டு சொற்களை விழுங்கிவிட்டு, கொண்டுபோன கோப்போடு வீடு திரும்பினேன். எந்த வாக்கியத்தை எழுதியதற்காக நான் வாழ்நாளெல்லாம் வெட்கப்பட வேண்டுமோ, அந்த வாக்கியம் ரயிலில் என் எதிர் இருக்கையில் உட்கார்ந்து வந்தது.

2

எண்பதுகளின் நடுவில் தாம்பரம் ரயில்வே மேம்பாலத்துக்கு இப்புறமும் அப்புறமும் இலக்கிய மன்றம் இல்லாத தெரு குறைவு. பல்லாவரம் முதல் சிங்கப்பெருமாள் கோவில் வரை எந்த ஊரில் ஆண்டு விழா நடந்தாலும் சுவரொட்டியில் என் பெயர் இருக்கும். முன்னால் ஓர் அடைமொழியும் இருக்கும். அந்த அடைமொழியை நானே எழுதிக் கொடுத்திருப்பேன். பரிசாக வந்த எவர்சில்வர் குடங்களை வைக்க இடமில்லாமல் அக்கா அவற்றில் அரிசி கொட்டி வைத்தாள்.

மேடை எங்களுக்கு ஒரு சூத்திரத்தைப் பழக்கியிருந்தது. எதையும் மூன்றாகச் சொல்ல வேண்டும். முதல் வரியில் கூட்டம் நிமிரும். இரண்டாம் வரியில் மூச்சைப் பிடிக்கும். மூன்றாம் வரி முடியும் இடத்தில் கைதட்டல் விழும். மூன்றாவதாகச் சொல்ல உண்மையில் ஏதும் இல்லாவிட்டாலும் ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும்; காது அதைக் கேட்கும். இரண்டோடு நிறுத்தியவன் படியில் கால் தவறியவன் போல மேடையிலேயே தடுமாறுவான். என்னுடன் பேசியவர்கள் இதை அறிவார்கள். அவர்களில் சிலர் இன்று வழக்கறிஞர்கள், ஒருவர் நகராட்சி உறுப்பினர். எவரும் தம் மூன்றாம் வரிக்கு விலை கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நானும் கொடுக்கவில்லை. கொடுத்தவர் வேறொருவர்.

3

அவர் என் அக்கா கோமதியின் கணவர் ஏழுமலை. முடிச்சூரின் பழைய குடும்பங்களில் ஒன்று. நிலம் மனைகளாகி, மனைகள் பங்காளிகளிடம் போய், அவருக்கு மிஞ்சியது சைக்கிள் ஒன்றும் வாய்க்கொழுப்பும். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இரும்புத் தகட்டை அழுத்தி உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் பிரஸ் இயந்திரம் ஓட்டினார். பெற்றோர் போன பின் நான் மேற்குத் தாம்பரத்தில் அவர்கள் வீட்டில்தான் தங்கிப் படித்தேன்.

1986இல், அன்றாட உற்பத்திக் கணக்கு வேகமாக முடியவேண்டும் என்பதற்காக, கை உள்ளே போகாமல் தடுக்க இயந்திரத்தின் முன்னால் இருக்கும் கம்பிக் கூண்டைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். கழற்றிய மூன்றாம் வாரம் அவருடைய வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. நான்கு மாதம் வீட்டில் இருந்தார். தொழிலாளர் காப்பீட்டுக்காகச் சம்பளத்தில் பிடித்திருந்ததால், காப்பீட்டு மருந்தகம் கொடுத்த சீட்டைக் காட்டி அந்த நான்கு மாதமும் உதவித்தொகை வாங்கினார். புண் ஆறியதும் வேலைக்குத் தகுதி என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். இனி மருத்துவ வாரியத்துக்கு மனுப் போட வேண்டும், விரல் போனதற்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் ஒரு தொகை வரும் என்றும் அந்த மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் பட்டறைக்குப் போனவரிடம் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். ‘என் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது’ என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துப் போட்டால் கேன்டீனில் டம்ளர் கழுவும் வேலை. போடாவிட்டால் விசாரணை, பிறகு வெளியே. யோசித்துச் சொல்ல ஒரு நாள் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“போட்டுட்டு போங்களேன்” என்றாள் அக்கா. இடுப்பில் மூத்தவள், வயிற்றில் இளையவள். “டம்ளர் கழுவினா என்ன, கை தேஞ்சா போயிடும்?”

“இருக்கறதே மூணு வெரலு. அதுவும் தேஞ்சிட்டா இன்னா பண்றது?” என்றார் மாமா.

“விளையாடாதீங்க. என்னா பண்ணலாம்னு சொல்லுங்க.”

“கூண்டைக் கயட்டுன்னு சொன்னவன் அவன். நான் கவனமா இல்லன்னு எய்தித் தர்றதா? நீ இன்னா சொல்ற மச்சான்? நீதான் ஊருக்கெல்லாம் நியாயம் சொல்றியே.”

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி பதில் சொல்லியிருந்தால் வேறொன்று சொல்லியிருப்பேனோ என்னவோ. “மாமா! பொய்க்குப் பணிந்து பெறும் சோறு…” என்று தொடங்கினேன்.

“டேய், இங்க மைக் இல்ல” என்றாள் அக்கா. “சாதாரணமா பேசு.”

“அவன் பேசட்டும் வுடு” என்றார் மாமா. “கேக்கறதுக்கு நல்லா கீது.”

4

அன்றிரவே கடிதத்தை எழுதினேன். பொய்யான வாக்குமூலத்தில் கையெழுத்திட மறுத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. கடிதத்தின் தொடக்கம் இது: ‘பொய்யில் கையெழுத்திட என்னிடம் விரல்கள் மீதமில்லை.’ எழுதிவிட்டு அறைக்குள் நடந்தேன். என் உடம்பு சிலிர்த்தது. அடுத்து எழுதினேன்: ‘உங்கள் வேலை எனக்கு வேண்டாம். உங்கள் கூலி எனக்கு வேண்டாம்.’

அங்கே நின்றிருக்க வேண்டும். மாமா சொல்ல விரும்பியது அங்கே முடிந்துவிட்டது. ஆனால் காது நொண்டியது. மூன்றாவது தேவைப்பட்டது. ‘உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம்’ என்று முதலில் எழுதினேன். எழுதிய பிறகு, போன மாதம் குரோம்பேட்டைப் போட்டியில் இதே வரியைச் சொல்லிக் கோப்பை வாங்கியது நினைவுக்கு வந்தது. சொன்னதையே திரும்பச் சொல்பவன் அல்ல நான். ‘இரக்கம்’ என்பதை அடித்தேன். அதே எழுத்தில் தொடங்கும், இன்னும் கனமான, வாய் நிறையும் ஒரு சொல் உடனே கைக்கு வந்தது.

‘உங்கள் இழப்பீடு எனக்கு வேண்டாம்.’

ஒரு குடும்பத்தின் ஆயுட்கால உரிமை அந்த வரியில் போனது. அதற்குக் காரணம் வறுமையும் அல்ல, அறியாமையும் அல்ல. ஒரு சொல்லை இரண்டு முறை பயன்படுத்தக் கூடாது என்ற என் கர்வம்.

காலையில் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகும் பாசஞ்சரில் நின்றபடி மனப்பாடம் செய்துகொண்டே வந்தார். மேனேஜர் அறையில் அந்தத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமலே, முழுவதையும் ஒப்பித்தார். ‘எய்தி’ என்று சொல்லும் வாய் ‘எழுதி’ என்று சொல்லிற்று. சன்னலுக்கு வெளியே நின்ற பட்டறை ஆட்கள் மூன்றாவது ‘வேண்டாம்’ முடிந்ததும் கைதட்டினார்கள். வாசலில் நின்ற நான், யாருக்கும் தெரியாமல் தலைதாழ்த்தி அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டேன்.

மேனேஜர் கோபிக்கவில்லை. தாளை எடுத்து நிதானமாகப் படித்தார். “கடைசி வரி ரொம்ப நல்லாருக்குப்பா” என்றார். “கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடு.”

வலக்கையில் பேனா நிற்காததால் மாமா இடக்கையால் போட்டார். கோணல்மாணலாக, கம்பளிப்பூச்சி ஊர்ந்ததுபோல விழுந்தது.

மூன்று வாரம் கழித்து, மருத்துவ வாரியத்துக்கு வேண்டிய விபத்துத் தாள்களைக் கேட்டு மறுபடி போனோம். “வேலையில இருக்கறவனுக்குத்தான்யா அதெல்லாம். நீதான் வேலைய விட்டுட்டியே” என்றார் மேனேஜர். பிறகு இழுப்பறையைத் திறந்து என் வாக்கியத்தை எடுத்துக் காட்டினார். “இது வேற இருக்கு.”

நாங்கள் நம்பினோம். வேலை இல்லையென்றால் இழப்பீடு இல்லை என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. வேண்டாமென்று முழங்கிவிட்டு வேண்டுமென்று இன்னொரு கதவைத் தட்ட நாக்கூசியது. கல்லூரி நூலகத்தில் தொழிலாளர் சட்டப் புத்தகம் இருந்தது. மேற்கோள் தேடி அந்த நூலகத்தில் நான் செலவிட்ட மாலைகளுக்குக் கணக்கில்லை. அந்த அலமாரிப் பக்கம் ஒருநாளும் போகவில்லை. அந்தக் காப்பீட்டுத் தொகை பட்டறை முதலாளி கொடுப்பதே அல்ல, அது அவர் தடுக்கக்கூடியதும் அல்ல என்பதை நான் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம்.

5

1989இல் நான் நாட்டை விட்டேன். என் மனைவி செவிலியர். அவளுடைய படிப்புக்குத்தான் இந்த நாடு இடம் கொடுத்தது, என் பேச்சுக்கு அல்ல. மாமா அப்போது தாம்பரம் நிலையத்தின் மேற்கு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்றும் அங்கேதான். அக்கா அப்பளம் இட்டும் துணி தைத்தும் இரண்டு பெண்களையும் படிக்கவைக்கிறாள். இத்தனை ஆண்டுகளில் அவள் எழுதிய ஒரு கடிதத்திலும் அந்தப் பழைய கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. குறை சொல்லியிருந்தால் நான் மறுத்துப் பேசியிருப்பேன். மறுப்பதில்தான் நான் கைதேர்ந்தவன்.

இங்கே எனக்கு மேடை இல்லை. பொங்கலுக்கு ஒரு பள்ளிக்கூட அரங்கை வாடகைக்கு எடுத்து, தமிழர்கள் கூடி, பட்டிமன்றம் என்று ஒன்று நடத்துகிறோம். பாதிப் பேர் பின்வரிசையில் வீடு விலை பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் அரங்குக்கு வெளியே ஆங்கிலத்தில் விளையாடுவார்கள். என் மகளுக்குக் கயல்விழி என்று பெயர் வைத்தேன். பள்ளியில் அவள் ‘கே’. ஆறு வயதில் ஒரே ஓர் எழுத்தாகக் குறுகிப்போனாள். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். நான் அடுக்கடுக்காகக் கடிந்துகொண்டால் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, “அப்பா என்ன சொல்றார்?” என்று ஆங்கிலத்திலேயே கேட்பாள். என் மொழிக்கு என் வீட்டிலேயே மொழிபெயர்ப்பாளர் தேவை.

இழப்பீட்டு அலுவலகத்திலிருந்து திரும்பிய அன்று மாலை அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். வேலை போனாலும் காயத்தின் உரிமை போகாது என்று இந்த ஊரில் சொல்கிறார்கள், நம் ஊரிலும் அப்படித்தானா என்று காப்பீட்டு அலுவலகத்தில் விசாரிக்கச் சொன்னேன். விசாரிக்கும் வேலையைப் பத்தாண்டு கழித்து, அதுவும் அவள் தலையிலேயே கட்டினேன்.

6

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு முடிச்சூர் சாலை டெலிபோன் பூத்தில் இருப்போம், கூப்பிடு என்று எழுதியிருந்தாள். கூப்பிட்டேன். மாமாதான் எடுத்தார். பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

“இன்னா மச்சான், கை எப்டி கீது? உனக்கும் கை, எனக்கும் கை. ஒரே குடும்பம்டா நாம.”

“ஆபீஸில் என்ன சொன்னார்கள் மாமா?”

“வழி கீதாம்பா. வேலை போனா துட்டு போவாதாம். வேலைல இருக்க சொல்ல அடிபட்டியா, அது போதுமாம். அந்தக் கிளார்க்கு தங்கமான ஆளு. நீ வேணாம்னு எய்திக் குடுத்தாலும் அது செல்லாதுங்கறார். ஆனா பத்து வருசம் எங்க போனேன்னு வாரியத்துல கேப்பாங்களாம். அதுக்கு ஒரு காரணம் எய்தணுமாம்.”

“எழுதிவிடலாம் மாமா.”

“அதான் பேஜார் ஆயிடிச்சு. பட்டறையிலேர்ந்து நம்ம பழைய கடுதாசிய ஃபைல்ல போட்டு அனுப்பிட்டான் பாரு. கிளார்க்கு பாத்தார். ரிஜிஸ்டர்ல என் கையெய்த்து வேற மாதிரி கீது, இது கோணலா கீது. ‘ஏழுமலை, இது உன் கையெழுத்தே இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு. ஏமாத்தி எழுதி வெச்சிட்டாங்க, எனக்கே தெரியாதுன்னு எழுதிக் குடு. தாமதத்துக்கு அதுவே காரணம். முடிஞ்சுது’ன்னார்.”

“சொல்லிவிட்டீர்களா?”

ஹாரன் ஓய்ந்திருந்தது. “இல்ல மச்சான். என்னுதுதான்னுட்டேன்.”

“மாமா!”

“பொய்யில கையெய்த்துப் போட மாட்டேன்னுதானே அன்னிக்கு அந்த வேலைய வுட்டேன்? இன்னிக்கு எப்டிப் போடறது? அத்த நான்தான் சொன்னேன். ஆளுங்கல்லாம் கேட்டாங்க. என் ஆயுசுல அந்த மாதிரி ஒரு நாளு பேசினேன்பா. அன்னிக்குச் சொன்னது இன்னிக்கும் ஒரு எய்த்து மறக்கல. சொல்லட்டா?”

“வேண்டாம் மாமா” என்றேன். நான்காவது வேண்டாம்.

ரிசீவர் கை மாறியது. அக்காவின் குரலில் மூச்சு வாங்கியது.

“கேட்டியாடா? அந்தக் கிளார்க்கு மகராசன் வழி காட்டறான், இவரு அங்க நின்னு நியாயம் பேசிட்டு வர்றாரு. யார் கிட்ட கத்துக்கிட்டாரு தெரியுதில்ல?”

“அக்கா…”

“பெரியவ இப்ப ஏழாவது போறா. மனுவுக்குக் கடைசி நாளுன்னு ஒண்ணு இல்லன்னாலும், அடுத்த மாசம் அந்தக் கிளார்க்கு மாத்தலாகிப் போறாரு. அவர் இருக்கறப்பவே கொடுத்தாத்தான். அந்த லெட்டர எழுதினது நீ. அதை நீ சொல்லு. அவரு வாயால பொய் வராது, உன் வாயால நிஜமாவது வரட்டும். பேச்சா எழுதாத. ரேஷன் கார்டுக்கு எழுதற மாதிரி எழுது.”

இணைப்பு அறுந்தது. அவள்தான் வைத்திருக்க வேண்டும்.

7

வாக்குமூலம் என்று தலைப்பிட்டு உட்கார்ந்தேன். முதல் படியில் எழுதியது: ‘இளமையின் செருக்கால், மேடையின் மயக்கத்தால், மொழியின் மோகத்தால்…’ கிழித்தேன். இரண்டாம் படியில் என்னை நானே மூன்று விதமாகச் சபித்துக்கொண்டிருந்தேன். கிழித்தேன். மன்னிப்புக் கேட்கும்போதும் கூட்டம் எதிரே இருந்தது. மூன்றாம் படியையும் கிழித்தேன். நான்காம் படியில் மூன்று வாக்கியங்கள் நின்றன, ஒன்றை அடித்தேன். இரண்டோடு நிறுத்துவது எனக்கு உடம்பில் வலிப்பது போலிருந்தது.

மறுநாள் பள்ளி விடுமுறை. கயலையும் அழைத்துக்கொண்டு, வாக்குமூலத்தில் சான்று முத்திரை வாங்க இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போனேன். முதல் சாளரத்தில் புகைப்படம் இல்லை என்றார்கள். இரண்டாம் சாளரத்தில், புகைப்படம் தேவையே இல்லை, கடவுச்சீட்டு நகல்தான் வேண்டும் என்றார்கள். மூன்றாம் சாளரத்தில் இருந்த அதிகாரி வடநாட்டவர். தாளைப் புரட்டிப் பார்த்தார்.

“இது எந்த மொழி?”

“தமிழ்.”

“எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள்.”

சொன்னேன். ‘ஒரு தொழிலாளிக்காக எழுதிய கடிதத்தில், நன்றாக ஒலிக்கிறது என்பதற்காக, அவருக்கு இழப்பீடு வேண்டாம் என்று எழுதினேன்.’ என் உச்சரிப்பு அவருக்குப் பிடிபடவில்லையோ, அல்லது பொருள் நம்பும்படி இல்லையோ, மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். என் வாழ்நாளில் ‘மீண்டும்’ என்று கேட்டு வாங்கப்பட்ட பேச்சுகளில் இதுவே கடைசி.

கயல் என் சட்டையை இழுத்தாள். ஆங்கிலத்தில் சொன்னதால் அவளுக்கு முழுவதும் புரிந்துவிட்டது. அதிசயமாகத் தமிழில் கேட்டாள்.

“அவருக்கு வேணுமா?”

“வேணும்.”

“அப்போ ஏன் வேண்டாம்னு எழுதினீங்க?”

ஆயிரம் பேர் முன் குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவன் நான். அதிகாரியும் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் கேட்டது அவருக்கு விளங்கியதுபோல. கயல் என் சட்டையை விட்டுவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அனுப்பிய தாளில் இருந்தவை இவ்வளவே: ‘ஏழுமலை கையெழுத்திட்ட கடிதத்தை எழுதியவன் நான், அதில் இழப்பீடு வேண்டாம் என்ற வரி அவர் கேட்டு எழுதப்பட்டதல்ல, ஓசைக்காக நான் சேர்த்தது. வேலையை விட்டவருக்கு இழப்பீடு கிடையாது என்று பட்டறையில் சொன்னதை நாங்கள் சரிபார்க்காமல் நம்பியதே தாமதத்துக்குக் காரணம்.’

8

இந்தக் குறிப்பை நான் மன்னிப்புக்காக எழுதவில்லை. மன்னிக்க வேண்டியவர் இதைப் படிக்கப்போவதில்லை. படித்தாலும் கடிதத்தின் முதல் வரியைச் சொல்லிக் காட்டுவார். சிங்கப்பெருமாள் கோவிலிலும் குரோம்பேட்டையிலும் இன்றும் எவனோ ஒருவன் முன் ஒரு தாள் நீட்டப்படும். வேலை போய்விட்டது, ஆகவே எல்லாம் போய்விட்டது என்பார்கள். நண்பர்களே, அந்த ‘ஆகவே’யை நம்பாதீர்கள். அடிபட்ட நாளில் அவன் வேலையில் இருந்தானா என்று மட்டும் போய்க் கேளுங்கள். அவனுக்காக ஒரு மனு எழுத நேர்ந்தால், உங்களில் மேடை ஏறிப் பழகியவர் எழுத வேண்டாம்.

நேற்று அக்காவின் கடிதம் வந்தது. மாமா மருத்துவ வாரியத்தின் முன் கையை மேசைமேல் வைத்துக் காட்டியிருக்கிறார். மனுவை ஏற்றுக்கொண்டார்கள். இனிமேல் வரும். போன பத்தாண்டுகளுக்குக் கொடுப்பார்களா என்பது சந்தேகம் என்று கிளார்க் சொன்னாராம். பெரியவள் சின்னக் குழந்தையாக இருந்த ஆண்டுகள் அவை. அக்கா அப்பளம் இட்ட ஆண்டுகள். கடிதத்தின் கடைசிப் பத்தியை அவள் எழுதியபடியே தருகிறேன்:

‘நீ அனுப்பின தாளை அங்க இருந்த ஒருத்தர் சத்தமா படிச்சாரு. மாமா எழுந்து நின்னு கேட்டாரு. படிச்சு முடிச்சதும் சுத்திமுத்திப் பாத்தாரு. யாரும் கைதட்டல. சீல் வெச்சு வாங்கிக்கிட்டாங்க.’